கவுண்ட்டவுன் அப்பா

அடுக்குமாடிக்கு ஒருவராவது இருப்பார். ஊர் உலகத்து அப்பாக்கள்போல இவரும் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தைக் கொடைக்கானல் கூட்டிப்போவார்; ஆனால் ஏரிப் பக்கம் வண்டி திரும்பாது. நேரே சூரிய ஆய்வகம். 1899இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தின் வாசலில் பிள்ளைகளை நிறுத்திவைத்து, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909இல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார் என்பார். அன்றைக்குப் பார்த்து மூடுபனியில் சூரியனே இருக்காது. சின்னவன் சுட்ட சோளம் கேட்பான்.

வீட்டில் இவருக்குப் பெயர் கவுண்ட்டவுன் அப்பா. ஊருக்குக் கிளம்பும் நாளில் குளியலறைக் கதவைத் தட்டி, "டி மைனஸ் இருபது நிமிஷம்" என்று குரல் கொடுப்பார். கடைசியில் வண்டிச் சாவியைக் காணாமல் தேடுகிறவரும் இவர்தான்.

திருவனந்தபுரம் என்று ஒருமுறை சொன்னபோது மனைவி பட்டுப்புடவையை எடுத்துவைத்தார். பத்மநாப சுவாமியைப் பார்க்கப் போகிறோம் என்ற நம்பிக்கை. போய் இறங்கிய இடம் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அருகில் ஓடுகிற மீனவக் கிராமம். மேரி மக்தலேனா தேவாலயத்தையே அலுவலகமாக்கி, 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட்டை ஏவினார்கள். தேவாலயம் இப்போது அருங்காட்சியகம். ராக்கெட் முனையை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப்போகும் படத்தைப் பார்த்து யாராவது "பாவம், அப்போ அவ்வளவு ஏழைங்க" என்றால் போதும், அப்பா பிடித்துக்கொள்வார். "சைக்கிள் சரி. ஆனா 1981ல ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில ஏத்தினது காசு இல்லாம இல்ல சார். ஆன்டெனா சோதனைக்கு உலோகம் இடைஞ்சல், அதான் மரவண்டி." கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். குடும்பத்துக்கு நகர வழியில்லை.

அன்று மாலை நடை சாத்துவதற்குள் சுவாமி தரிசனமும் கிடைத்தது. அதை அப்பா பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவருக்கு உண்மையான திருத்தலம் ஸ்ரீஹரிகோட்டா. 2019இல் பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் திறந்ததிலிருந்து, அலுவலகத்தில் பாதி நேரம் முன்பதிவு எப்போது தொடங்கும் என்று பார்ப்பதிலேயே போகிறது. அந்த ஜூலையில் சந்திரயான்-2க்கு இடம் கிடைத்தது. 15ஆம் தேதி அதிகாலை 2.51க்கு ஏவுதல். ஞாயிறு இரவே புளியோதரை, ஆதார் அட்டைகள், தலையணை, மாமியாருக்கு மாத்திரை எல்லாம் வண்டியில் ஏறின. சூளூர்பேட்டையில் மனைவி, "ஏங்க, செங்காளம்மனுக்கு ஒரு தேங்காய் உடைச்சிட்டுப் போயிடலாமே" என்றார். "இது விஞ்ஞானம்" என்று அப்பா வண்டியை நிறுத்தாமல் பழவேற்காடு ஏரியைத் தாண்டினார். இருட்டில் பூநாரைகளும் தெரியவில்லை.

ஏவுவதற்கு 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது கடிகாரம் நின்றது. தொழில்நுட்பக் கோளாறு, இன்று இல்லை என்று அறிவிப்பு. மாடம் முழுக்க ஒரே 'அடடா'. அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார். தேங்காய் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை என்பதை அந்தக் குடும்பத்தின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்லலாம்.

அடுத்த திங்கள்கிழமை, 22ஆம் தேதி, பிள்ளைகள் இருவருக்கும் ஒரே சமயத்தில் வயிற்றுவலி வந்தது. பள்ளிக்கு லீவு லெட்டர் போனது. இம்முறை கோயில் வாசலில் வண்டி தானாகவே நின்றது. பிற்பகல் 2.43க்கு ராக்கெட் கிளம்பியது. வெளிச்சம் முதலில் வரும், ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், ஆகவே சத்தம் பின்னால் வரும் என்று வழியெல்லாம் வகுப்பெடுத்தவர் அவர். ஆனாலும் அந்தச் சத்தம் வந்து நெஞ்சில் மோதியபோது முதலில் துள்ளியதும் அவர்தான். கைப்பேசியில் இன்றும் அந்தக் காணொளி இருக்கிறது: நான்கு விநாடி நெருப்பு, பிறகு முழுக்க அவருடைய இடதுகால் செருப்பு. பின்னணியில் மாமியார் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்: "போயிடுச்சா?"

2023இல் சந்திரயான்-3 ஏவப்படும் முன் இஸ்ரோ தலைவர் சோமநாத்தே செங்காளம்மன் கோயிலில் கும்பிட்ட செய்தி நாளிதழில் வந்தது. அன்று காலை அப்பாவின் காப்பி டம்ளர் சரியாக அந்தப் பக்கத்தின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

இப்போது அப்பாவின் பேச்செல்லாம் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஏன் அந்த ஊர் என்பதைச் சாப்பாட்டு மேசையிலேயே விளக்கிவிடுவார். தட்டின் நடுவில் வடை: அது இலங்கை. "ஸ்ரீஹரிகோட்டாவிலேர்ந்து தெற்கே போற ராக்கெட் இந்த வடையைச் சுத்தி வளைஞ்சு போகணும், எரிபொருள் வீண். குலசையிலேர்ந்து நேரா தெற்கே, கடல்தான். சின்ன ராக்கெட்டுக்கு அதுதான் லாபம்." வளைந்துபோகிற விரலில் சாம்பார் சொட்டும். அதற்குள் சின்னவன் இலங்கையைக் கடித்திருப்பான்.

ஒருநாள் மனைவி அமைதியாகக் கேட்டார்: "எந்த ஊருங்க? முத்தாரம்மன் கோயில் இருக்கே, அதுவா?"

அதேதான். தசராவுக்கு ஒருதடவை போகவேண்டும் என்று பத்து வருடமாக அவர் கேட்டு, "கூட்டம், வேண்டாம்" என்று அப்பா தட்டிக்கழித்த அதே ஊர். இப்போது மறுக்க வாயில்லை. காளி, போலீஸ், குறவன் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் கட்டி வருகிற இடத்தில் சின்னவன் குரங்கு வேஷம் போடப் போகிறான். மகள் அப்பாவுக்கு விண்வெளி வீரர் உடை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஏவுதளம் இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. சமையலறைக் காலண்டரில், தசரா சூரசம்ஹாரத்துக்கு 'டி மைனஸ் 42 நாள்' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து அம்மாவுடையது.