பெரட்டு

2006இல் நான் கோலாலம்பூருக்குக் கிளம்பியபோது பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே வந்து வழியனுப்பியது. 'ஃபாரின் புரொஃபசர்' என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். கடிதத்தில் இருந்தது 'ஒப்பந்த விரிவுரையாளர், இரண்டு ஆண்டு'. நேர்காணல் சென்னையில் ஓர் ஓட்டல் அறையில் நடந்தது. பிடித்துக் கொடுத்த ஏஜண்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு போனது பிறகுதான் தெரிந்தது.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடி அறை. ஜன்னலுக்கு நேரே மோனோரயில். 2010இல் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார். 2015இல் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்துவைத்தார். ஒவ்வொரு திறப்புக்கும் என் வாடகை ஏறியது. மூன்றாவது பிரதமர் வருமுன் கிள்ளானுக்குக் குடிபோய்விட்டேன்.

வீட்டுக்கார அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். "என்ன சார், பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாடகையைப் பற்றியே பேசுவார்.

வந்த புதிதில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். மறந்தால் மறுநாள் போடலாம். இப்போது வாசலில் ஒரு இயந்திரம், காலை எட்டரைக்குள் கட்டைவிரல் வைக்க வேண்டும். இதைப் புலம்பியபோது அந்த அம்மா சிரித்தார்.

"அது பெரட்டுதானே சார்! விடியக்காலை மண்டோர் பேர் கூப்பிடுவான். லேட்டா போனா அன்னிக்கி வேலை இல்ல."

அன்றிலிருந்து கண்ணில் பட்டதெல்லாம் தோட்டமாகவே பட்டது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறையை 1910இல் ஒழித்தார்கள். கங்காணி முறை அதன் பின்னும் நீடித்தது. வேலைக்கு வந்த தலையை எண்ணிக் கங்காணிக்குக் காசு. நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். எண்ணுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என் ஒப்பந்தம் இப்போது ஒரு வருடமாகச் சுருங்கிவிட்டது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. நான் இன்றும் டீன் நிற்கிற லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறுகிறேன்.

ஒருமுறை பர்மிட் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் ஆறு வாரம் திரும்பவில்லை. ஊரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை யாரோ தூரத்து உறவுக்காரர் மடியில் உட்கார்ந்து அழுதது. போட்டோவில் அந்த ஆள் நன்றாகத்தான் சிரிக்கிறார்.

ஆய்வுக் கட்டுரை சமாச்சாரம் தனி. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்று எழுதினால் தேநீர் வேளையில் பாராட்டுவார்கள். இப்போது ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கிற இதழாக வேண்டும், அதிலும் முதல் கால்பகுதியாக இருந்தால் கூடுதல் புள்ளி. 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' இதழைத் தொடங்கியவர். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியவர். எங்கள் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அவரை ஒருநாள் நிரப்பிப் பார்த்தேன். சொந்த இதழில் எழுதியது: பூஜ்யம். மாநாடு: 'நிர்வாகப் பங்களிப்பு', இரண்டு புள்ளி. ஒப்பந்தம் நீட்டிப்பது சந்தேகம்தான்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அடிகளாரைத் தெரியாது, ஆனால் அந்தத் துறையைத் தெரிந்திருந்தது. ஐம்பதுகளில் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார், அந்தத் துறைக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க. அந்த அம்மாவின் அப்பா பால்வெட்டுக்காரர். ஒரு வெள்ளி கொடுத்தாராம்.

"அப்ப ஒரு வெள்ளின்னா சும்மா இல்ல சார். அது சரி, நீங்க எழுதுறதுக்கு எவ்வளவு தருவாங்க?"

தரமாட்டார்கள், போன கட்டுரையைப் போட நான்தான் ஆயிரத்தைந்நூறு அமெரிக்க டாலர் கட்டினேன் என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"தோட்டத்துல பால் வெட்டுனா கூலி கொடுத்தாங்க சார்."

கொமுட்டர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எட்டரைக்குள் பெரட்டு.