கூட்டமே இருக்காது, மாமா

"கூட்டமே இருக்காது, மாமா" என்று சொல்கிற மச்சினன் இல்லாத வீட்டில் பெண் எடுத்தவர்கள் இந்தப் பக்கத்தை அப்படியே தள்ளிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடலாம். உங்களுக்கு ஏற்கெனவே நல்ல நேரம்தான்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் லீவு. போன திங்கட்கிழமை என்னையும் லீவு போடவைத்து, அவன் பிள்ளைகள் இரண்டு, என் பிள்ளைகள் இரண்டு, அக்காள், பெண்டாட்டி என்று எல்லோரையும் ஒரே வண்டியில் அடைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோனான். சின்னப் பிள்ளைகளோடு கடலோரம் ஒரு நாள் போய்வர நினைக்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கிளம்பிய கதையை மட்டும் முதலில் முடித்துவிடுகிறேன். ஐந்து மணிக்குக் கிளம்புவதாக முடிவாகி எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். இதில் விளக்க ஒன்றுமில்லை.

திருவான்மியூர் தாண்டியதும் மச்சினன் அறிவித்தான்: "எல்லாரும் இடது பக்கம் பாருங்க. கடல் வரும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான்கு பிள்ளைகள், வண்டிக்கு இடது பக்கம் இருப்பதே இரண்டு ஜன்னல், அதில் ஒன்று முன்சீட்டில் என்னுடையது. நாலு வயசு மகன் என் மடிக்கு வந்தான். அவன் வந்ததால் மச்சினனின் மகளும் வந்தாள். வலது பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரும், கடல் தீர்ந்துபோய்விடும் என்ற பயத்தில் அழ ஆரம்பித்தார்கள். அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை.

கொட்டிவாக்கத்தில் இடது பக்கம் சோபா கடை வந்தது. பாலவாக்கத்தில் பிரியாணிக் கடை. நீலாங்கரையில் சுவர் வந்தது. "இந்தச் சுவர் யார் வீடு தெரியுமா மாமா?" என்று ஒரு நடிகர் பெயரைச் சொன்னான். அடுத்த சுவருக்கு இன்னொரு நடிகர். ஈஞ்சம்பாக்கம் வந்தது, அக்கரை வந்தது, பனையூர் வந்தது, உத்தண்டி டோல்கேட்டும் வந்தது. காசு வாங்கிக்கொண்டு எங்களை அடுத்த சுவருக்கு அனுப்பினார்கள்.

சுவர்களைப் பற்றி இப்போது எனக்கு ஓரளவு தெரியும். உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்த சுவர், பழைய பணக்காரர்களுடையது. காகிதப்பூச் செடி வழிகிற சுவர், வாரக்கடைசிக்கு வாடகைக்கு விடுகிற பங்களா. கருப்பு கிரானைட் ஒட்டி, பெயரைப் பித்தளையில் பதித்து, எட்டிப் பார்க்க ஓட்டை கூட வைக்காத சுவர் என்றால் உள்ளே சமீபத்தில் வந்த பணம். கல்யாணம் நடத்தலாம் என்று போர்டு மாட்டியிருந்தால் ரிசார்ட். உள்ளே பகலிலேயே விளக்குச் சரம் எரியும். வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்குப் பட்டாளத்து ஜெனரலின் உடுப்பு. எனக்குப் புரியாதது வேறொரு வகை. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், கேட்டுக்குப் பூட்டு, "இந்த இடம் விற்பனைக்கு அல்ல" என்று சிவப்பு எழுத்து. கேட் கம்பி வழியாகப் பார்த்தால் உள்ளே மணல். அடுத்தாற்போல் கடல் முழுக்க மணல் கிடக்கும்போது இந்த மணலை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று இவ்வளவு பாதுகாப்பு? அதற்கு ஒரு வாட்ச்மேன், அவருக்கு ஒரு குடிசை, குடிசைக்கு ஒரு நாய். அந்த நாய்க்குக் கிடைக்கிற கடல்காற்றில் பாதி கூட என் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கடற்கரை 1,076 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன் நான். இதில் எவ்வளவு, ரோட்டில் போகிறவன் கண்ணுக்குத் தெரியும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. கடலேறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு என்று மத்திய அரசு 1991இல் அறிவிக்கை போட்டது. அந்த அறிவிக்கையை ஒரு நாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்தச் சாலையில் காட்டிவர வேண்டும், இடது ஜன்னல் பக்கமாக.

"அப்பா, கடலை யார் வாங்கிட்டாங்க?" என்றான் மகன்.

"யாரும் வாங்க முடியாதுடா. கடல் எல்லாருக்கும் சொந்தம்."

"அப்ப ஏன் பூட்டி வச்சிருக்காங்க?"

வண்டியில் யாரும் பதில் சொல்லவில்லை. மச்சினன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

கடல் தெரியவே இல்லை என்று சொன்னால் பொய். மீனவர் குப்பம் வரும் இடங்களில் தெரிகிறது. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சந்து, சந்தில் காயும் வலை, ஒரு சைக்கிள், அதற்கு அந்தப் பக்கம் விரல்கடை அகலத்துக்கு நீலம். "அதோ!" என்று கை நீட்டி முடிப்பதற்குள் அடுத்த சுவர் வந்துவிடும். முன்னால் உட்கார்ந்தவர்கள் பார்த்துவிடுவார்கள், பின்னால் இருப்பவர்கள் "எங்கே எங்கே" என்று மறுபடி அழுவார்கள். இந்த ரோட்டில் கடலை இலவசமாகக் காட்டிக்கொண்டிருப்பது குப்பத்து ஜனங்கள்தான். அவர்களும் ஒருநாள் காம்பவுண்டு கட்டினால் நாம் கேட்க முடியாது.

முட்டுக்காடு பாலத்தில் உண்மையிலேயே தண்ணீர் வந்தது. நான்கு பேரும் வலது பக்கம் திரும்பி, படகுகளைப் பார்த்து "கடல்!" என்று கத்தினார்கள். அது உப்பங்கழி, கடல் இந்தப் பக்கம், முகத்துவாரம் என்றால் என்னவென்றால் என்று நான் ஆரம்பித்து முடிப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

பாலம் முடிந்ததும் மச்சினன் மகள், "மாமா, பாத்ரூம்." இதை நான் நகைச்சுவையாக எழுதப் போவதில்லை. பெட்ரோல் பங்கில் சாவி மேனேஜரிடம். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. கழிப்பறை, குளிக்கிற இடம், நிழல் எல்லாம் இருந்தால்தான் அதைக் கொடுப்பார்கள். அங்கே திருப்பு என்றேன். "மகாபலிபுரத்துல பாத்துக்கலாம் மாமா, இங்க எதுக்கு டைம் வேஸ்ட்" என்றான். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் மனைவி, தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும்.

வடநெம்மேலி முதலைப் பண்ணைதான் அன்றைய முக்கிய நிகழ்ச்சி. முதலையைக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் பிள்ளைகளைக் காலையில் எழுப்பியதே. ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய இடம், இந்தியாவில் அழிய இருந்த முதலைகளை முட்டையிட வைத்துப் பெருக்கினார்கள் என்றெல்லாம் ராத்திரியே என் மகளுக்குப் பாடம் எடுத்திருந்தான். போய் இறங்கினால், அவன் சொன்னபடியே கூட்டமே இல்லை. திங்கட்கிழமை வார விடுமுறை.

"முதலைக்கும் லீவா?" என்றாள் மகள்.

அது லீவு இல்லாத நாளிலும் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும், பொம்மை என்று நீங்களே சொல்வீர்கள் என்று என் மனைவி சமாதானம் செய்தாள். எடுபடவில்லை. முட்டுக்காட்டுக்குத் திரும்பித் தட்சிணசித்ராவுக்குப் போகலாம் என்று அடுத்த யோசனை. அதற்குள் பசி. வார விடுமுறை அங்கே செவ்வாய்க்கிழமை என்பதையும் அப்போதுதான் போனில் பார்த்துச் சொன்னான், ஏதோ எனக்கு உதவி செய்த தோரணையில்.

அடுத்தது நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கித் தென்சென்னைக்கு அனுப்பும் ஆலை அங்கே இருக்கிறது. 2013இல் தொடங்கிய முதல் ஆலையின் திறனே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கடல் எங்கள் வீட்டுக் குழாய் வரைக்கும் வந்துபோகிறது, நாங்கள்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

மாமல்லபுரத்தில் பெரியவர்களுக்கு 40 ரூபாய் டிக்கெட், பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். பிள்ளைகள் நேராக வெண்ணெய் உருண்டைக்கு ஓடினார்கள். 250 டன் பாறை. 1908இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை விட்டு இழுத்தும் அசையவில்லை என்று சொல்வார்கள். மச்சினன் அதைத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டான். பிள்ளைகள் உருண்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்துப் பாறைச் சரிவில் உட்கார்ந்து சர்ரென்று வழுக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வழுக்கி அந்தக் கல் எண்ணெய் தடவியது போலாகிவிட்டது. ஏறுவார்கள், வழுக்குவார்கள், ஏறுவார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை இதுதான். மகனின் கால்சட்டை பின்பக்கம் நூல்நூலாகப் பிரிந்து, உள்ளே இருந்த மஞ்சள் ஜட்டியில் டோராவின் முகம் தெரிந்தது. மாற்று டிரஸ் வண்டியில், வண்டிச்சாவி மச்சினனிடம், மச்சினன் கல் யானைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

அர்ச்சுனன் தபசில் மகளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் பூனை. காலடியில் எலிகள் கும்பிட்டு நிற்கின்றன. "அந்தப் பூனை மாமா மாதிரி இருக்குப்பா" என்றாள். பல்லவச் சிற்பக்கலை பற்றி இவ்வளவு சரியான கருத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கடைசியில் கடல். சுவரும் பூட்டும் டோல்கேட்டும் இல்லாமல் முழுசாக வந்தது. மகன் அதை ஒரு நிமிஷம் பார்த்தான். ஒரு அலை வந்து காலைத் தொட்டது. "சத்தம் போடுது. வேணாம். வீட்டுக்குப் போலாம்" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டான். மற்ற மூன்று பேரும் இறங்கி, வெளியே வர மறுத்தார்கள். மாங்காய் பத்தை, சுண்டல், பஞ்சுமிட்டாய், குதிரை எல்லாம் ஆயிற்று. விடியற்காலையில் எழுந்து கிண்டிய புளியோதரை மூடி திறக்காமல் வீடு திரும்பியது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அதாவது, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில்... இருங்கள், வண்டி கழுவும் பையன் கூப்பிடுகிறான். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மக்கு நிறைய மணல் எடுத்து வைத்திருக்கிறான். "ஈசிஆரா சார்?" என்றான். ஆமாம் என்றேன். ஐம்பது ரூபாய் கூடக் கேட்கிறான். லீவு விட்டதிலிருந்து அதற்குத் தனி ரேட்டாம்.