மாட்டுங்காவின் கடித ரசிகர்

மும்பைத் தமிழரில் கடித ரசிகர் என்றொரு வகையுண்டு. மாட்டுங்காவில் இருந்தால் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, செம்பூரில் ஆடிட்டர், தாராவியில் என்றால் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தொண்ணூறடிச் சாலையில் கடை போட்டவர். ஒரு கவிதைத் தொகுப்பைப் படித்தால் மறுநாளே கவிஞருக்குக் கடிதம் போய்விடும். கவிதையைப் புகழத்தான் எழுதுகிறார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கவிஞரும் நம்புகிறார், பாவம். கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள். நலம், நலமறிய அவா, பாராட்டு இரண்டு வரி. மூன்றாவது வரியில் மழை வந்துவிடும். சயானில் தண்டவாளம் முங்கி லோக்கல் நின்றது, மூட்டுவலி, மகளுக்கு வரன் என்று இன்லண்டு லெட்டர் நிரம்பி, எழுத்து ஓரத்தில் செங்குத்தாக ஏறத் தொடங்கும். ஒட்டும் மடிப்புக்கு அடியில், அவசரமாகப் பிரித்தால் கிழிந்துபோகிற இடத்தில், 'அடியேனும் சில வரிகள் கிறுக்குவதுண்டு' என்று ஒரு குறிப்பு. பகலெல்லாம் இந்தியிலும் மராத்தியிலும் பேசித் தீர்த்தவருக்குத் தமிழில் பேச ஓர் ஆள் வேண்டும். 1972இல் வேலைக்காகப் பம்பாய் போன நாவலாசிரியர் நாஞ்சில் நாடன் 1975இல் முதல் சிறுகதையை அங்கிருந்துதான் எழுதினார். ஒரு நாவலாசிரியரையே உண்டாக்கிய ஊர், கடிதம் எழுதுகிறவரை உண்டாக்காதா?

சரி, கவிஞர் ஏன் மெனக்கெட்டுப் பதில் போடுகிறார்? புகழ்ப்பசி என்பார்கள். இரண்டு வரிப் புகழுக்கு எவரும் நாலு பக்கம் பதில் எழுதமாட்டார். எழுதவைப்பது அந்த மழையும் மூட்டுவலியும்தான். கல்யாண்ஜி என்ற பெயரில் கவிதை எழுதும் வண்ணதாசனின் கடிதங்கள் 'எல்லோர்க்கும் அன்புடன்' என்று புத்தகமாகவே வந்தன. இலக்கியக் கொள்கை தேடி அதைப் பிரிக்கிறவர்கள் தெருவையும் மனிதரையும் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். கவிமணியின் பாடல்களைக் கொண்டாடி ஊருக்கெல்லாம் சொன்ன டி.கே.சி.க்கு 'ரசிகமணி' என்று பட்டமே கிடைத்தது. அவர் கடிதங்களும் நூலாயின. கவிஞருக்குக் கிடைக்காத பட்டங்கள் சில ரசிகருக்குக் கிடைப்பதுண்டு என்பதை மாட்டுங்காக்காரர் மறப்பதே இல்லை.

வாட்ஸ்அப் வந்ததும் இந்த இனம் அழிந்துவிட்டது என்கிறவர்கள் அவருடைய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதில்லை. தாளுக்காவது ஓரம் இருந்தது; குரலுக்கு அதுவும் இல்லை. உண்மையில் நஷ்டம் கவிஞருக்குத்தான். முன்பெல்லாம் 'தபால் தாமதம்' என்று ஒரு சாக்கு இருந்தது. இன்று நீல டிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. விவரம் தெரிந்த கவிஞர்கள் அதை அணைத்து வைக்கிறார்கள். அப்போது ரசிகர் நேராக போனைப் போடுகிறார்: "சார், மெசேஜ் கெடச்சுதா? கெடைக்கலேன்னா பரவால்ல, நானே மறுபடி சொல்லிடறேன்."