பாஸ்வேர்டு விவசாயிகள்

கேள்வி: கொரோனா காலத்தில் விவசாயிகளுக்கு வந்த உதவிப் பணம் நிலமே இல்லாதவர் கணக்குக்கும் போனதாமே? அவசரத்தில் அப்படித்தானே நடக்கும்?
- ஒரு வாசகர், அடி அண்ணாமலை

பதில்: அவசரத்தின் மீது பழி போட்டால் அது எதிர்த்து வழக்குப் போடாது, அதனால்தான் எல்லோரும் போடுகிறார்கள். நீங்கள் சொல்வது பி.எம். கிசான், 2019-ல் வந்த திட்டம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2020 ஏப்ரல் தவணை கொரோனா நிவாரணத்தில் முன்கூட்டியே தரப்பட்டது. அந்த ஆகஸ்டிலேயே, திருவண்ணாமலை உள்ளிட்ட பல மாவட்டங்களில் தகுதியற்ற சுமார் ஐந்தரை லட்சம் பேருக்கு 110 கோடி ரூபாய் போயிருந்தது அம்பலமானது. வேளாண் துறையின் பாஸ்வேர்டு தரகர்களிடம் போயிருந்தது. உழவே இல்லாமல் அறுவடை! அதே ஏப்ரலில் ரேஷன் கடை வழியே அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் தந்ததும் அவசரத்தில்தான். அங்கே முகத்துக்கு முகம் ஆள் நின்றார். இங்கே கணினி மட்டுமே நின்றது.

‘ரேஷனில் மட்டும் முறைகேடு இல்லையா?’ என்பீர்கள். உண்டு, ஆனால் ஊருக்குள் இல்லாத ஊர்க்காரரை அங்கே ஆயிரக்கணக்கில் உருவாக்குவது அத்தனை எளிதல்ல. ‘பணத்தைத்தான் திரும்ப வசூலித்தார்களே!’ என்றால், வசூல் கஜானாவுக்குத்தான் ஆறுதல். உண்மையில் உழுதவருக்கு அதனால் என்ன? கொரோனாவால் திருவண்ணாமலை கிரிவலம் தடைபட்டு பௌர்ணமி வியாபாரம் படுத்தபோது, குத்தகைக்குப் பூ பயிரிட்டவருக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை. பட்டா இருந்தால்தான் விவசாயி. ஆக, பாஸ்வேர்டு வைத்திருந்தவர் விவசாயி, ஏர் வைத்திருந்தவர் விண்ணப்பதாரர்கூட இல்லை. பயனாளிகள் பட்டியலை ஊராட்சிச் சுவரில் ஒட்டுங்கள்; கணினி கேட்காத கேள்வியை ஊர் கேட்கும். பசை செலவு அதிகம் என்றால், அந்த 110 கோடியில் கழித்துக்கொள்ளலாம்.