சிப்பிக் குடமும் என் வெத்தலைப் பெட்டியும்

வா பேராண்டி, வா. இப்படி வாங்குல குந்து. கையில என்ன, கோப்பையா? பிடியைக் காணோமே, ஒடஞ்சு போச்சா? இல்லையா? செஞ்சதே அப்படித்தானா? சரி, சரி. சுடச்சுடத் தேத்தண்ணிய அதுல ஊத்தச் சொல்றேன். நீயே பிடிச்சுக் குடிச்சுக் காட்டு.

ஸ்டூடியோ வச்சிருக்கியாம். சனி ஞாயிறுல வகுப்பும் எடுக்கிறியாம். குயவன்னு சொன்னா நாக்கு பொத்துப் போயிருமோ? போகட்டும். யாரு உனக்குக் குருன்னு கேட்டா, கடலுங்கிற. அட பாவி, குண்டசாலையில இருந்துக்கிட்டா? இங்கேருந்து கொழும்புக் கடலைப் பாக்க 115 கிலோமீட்டருக்கு மேல போவணும். கடுகண்ணாவை எறக்கத்துலயே நீ வாந்தி எடுக்கிற ஆளு. நரேந்திரசிங்க ராசா கண்டி அரமனைய விட்டுட்டு இங்கனதான் வந்து கெடந்தான். ஊரே அவனைக் குண்டசாலை ராசான்னுச்சு. அவனுக்கே மகாவலித் தண்ணி போதுமா இருந்திருக்கு. உனக்குக் கடல் கேக்குது.

நீ வனையிற சட்டியெல்லாம் ஒரு பக்கம் சாயுது. கேட்டா ஜப்பான்காரன் அதுக்கு வாபி சாபின்னு பேரு வச்சிருக்கானாங்கிற. லயத்துல எங்காத்தா மீன்கொழம்பு வச்ச சட்டியும் கோணல்தான்டா. அதுக்கு யாரு பேரு வச்சா? ஆனா ஒண்ணு, அது அடுப்புல ஆடாம நின்னுச்சு.

ஜப்பான்னதும் ஞாபகம் வருது. ஒன் மேசையில கெடந்த புத்தகத்தை ஒன் தங்கச்சி எனக்கு வாசிச்சுச் சொன்னா. ஹமாதா ஷோஜின்னு ஒருத்தரு. 1920ல இங்கிலாந்துல செயின்ட் ஐவ்ஸ்ங்கிற கடக்கரை ஊருக்குப் போயி, பெர்னார்ட் லீச்சுங்கிறவரோட சேந்து சூளை போட்டாரு. மூணு வருசம் அலை சத்தத்துலயே கெடந்தாரு. ஊரு திரும்பி எங்க போயிக் குடியேறினாரு தெரியுமா? மஷிகோ. கடலே எட்டிப் பாக்காத பட்டிக்காடு. தண்ணிச் சாடியும் அடுப்படிச் சட்டியும் பண்ணிப் பொழைக்கிற சனம். அங்க கெடைச்ச மண்ணையே பெசைஞ்சாரு. 1955ல அந்த நாட்டு அரசாங்கம் அவரை வாழும் பொக்கிசம்னு கொண்டாடுச்சு. அந்தப் பக்கத்தை மட்டும் நீ பொரட்டலையோ?

கடலோரத்துலயும் பட்டறை நடத்தலாம், யாரு வேணாம்னா? புதுச்சேரியில டெபோரா ஸ்மித், ரே மீக்கர்னு அமெரிக்காவுலருந்து வந்த ரெண்டு பேரு 1971ல கோல்டன் பிரிட்ஜுன்னு ஒரு பட்டறை போட்டாங்க. அவங்ககிட்ட மாசக்கணக்குல மண்ணு பெசைஞ்சு படிச்சவங்க இன்னிக்கு இந்தியாவுல பல ஊர்ல சக்கரம் சுத்துறாங்க. நீ மூணு மணி நேரத்துல சொல்லிக் குடுத்துடுற. அதுல ஒரு மணி நேரம் கன்னத்துல சேத்தைப் பூசிக்கிட்டு போட்டோ.

போன வருசம் நெலாவெளியிலருந்து ஒரு பை சிப்பி அள்ளிக்கிட்டு வந்தியே, மறந்திருச்சா? பச்சைக் குடத்துல வரிசையாப் பதிச்சு, சூளையில வச்சு எடுத்த. வெளிய வந்தப்ப பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். வெள்ளை வெளேர்னு சிப்பி, செக்கச் செவேர்னு குடம். சன்னல்ல தூக்கி வச்ச. வெளிய தூத்தல். மூணாம் நாள் ராத்திரி 'டப்'புன்னு ஒரு சத்தம். எலின்னு நெனச்சு வெளக்கைப் போட்டா, குடத்துல ஒரு சில்லு தெறிச்சுக் கீழ கெடக்கு. சிப்பி இருந்த எடத்துல வெள்ளைப் பொடி. விடியறதுக்குள்ள இன்னும் நாலு 'டப்பு'. நீ என்னமோ மண்ணு சரியில்லன்னு பொலம்பிக்கிட்டுத் திரிஞ்ச.

ஏன்டா, சிப்பியைச் சுட்டா என்ன ஆகும்? என் வெத்தலைப் பெட்டியைக் கேட்டிருந்தாச் சொல்லியிருக்குமே! சுண்ணாம்புடா அது. திகனைப் பக்கம் சுண்ணாம்புக் கல்லு சுடுறதைச் சின்னப் பயலா நின்னு பாத்திருக்கேன். சுட்ட கல்லுல தண்ணி தெளிச்சாப் புஸ்ஸுன்னு ஆவி அடிச்சு, உப்பி, பூத்து மாவாப் போயிரும். நீ தெளிக்காட்டி என்ன, கண்டிக் காத்தே பாதித் தண்ணிதான். அந்த ஈரத்தைக் குடிச்சு சிப்பி உப்பும். சுத்தியிருக்கிற சுட்ட மண்ணு எப்படி விரியும்? தெறிக்கத்தான் செய்யும்.

கடல்லருந்து சூளைக்கு ஆகிற சாமான் ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. உப்பு. ஜெர்மனிக்காரன் நூத்துக்கணக்கான வருசமாச் செஞ்சான். சூடு 1,200 பாகைக்கு மேல ஏறினதும் சூளைக்குள்ள உப்பை அள்ளி வீசுவான். அது ஆவியாகி, மண்ணுல இருக்கிற மணலோட கூடி, கண்ணாடியாப் படியும். தடவிப் பாத்தாத் தோடம்பழத் தோலு மாதிரி இருக்குமாம். ஆனா அந்தப் பொகை நெஞ்சை அறுக்கும். நீ இந்த வளவுல போட்டேன்னு வையி, பக்கத்து வீட்டுக்காரி வெளக்கமாத்தோட வந்து நிப்பா.

நம்ம மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, கொட்டியாரக் குடாவுல போயி விழுது. தேயிலை மலையில மழைக்குக் கரைஞ்ச மண்ணெல்லாம் நம்ம வாசலைத் தாண்டித்தான் போச்சு. கடலுக்கே மண்ணு அனுப்பினவங்கடா நாம! இப்ப 122 மீட்டர் ஒசரத்துல விக்டோரியா அணை குறுக்க நிக்குது. 1985ல தொறந்ததுலருந்து நம்ம வண்டல் நெறைய அதுக்குள்ளதான் அடங்கிக் கெடக்கும். ஆத்தங்கரைக் களியை ஒரு நாளாவது கால்ல மிதிச்சுப் பாத்தியா நீ? கொழும்புலருந்து பிளாஸ்டிக் பையில மண்ணு வருது உனக்கு.

என்ன, மொகம் சுருங்கிருச்சு? தேத்தண்ணிய அந்தத் திண்டுல வையி, வெரலு செவந்து போச்சு பாரு. ஆத்தங்கரைக்கு வேணா நாளைக்குக் காலையில போவோம், நானும் வாறேன். இப்ப அந்தச் சிப்பிக் குடத்தை எடுத்துக்கிட்டு வா. தூக்கிப் போட்டுட்டியா? இல்லையே, கோழிக் கூட்டுக்குப் பின்னாடி பாத்தேனே. சுண்ணாம்பு தீந்து போச்சுடா. ஒரு வாய் வெத்தலைக்கு அதுலருந்து கொஞ்சம் சொரண்டிக் குடு.