மார்க்கெஸுக்கு ஒரு மொட்டை

ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய சமாச்சாரம் அத்தனையும் எங்கள் சித்தூர்ச் சுற்றுவட்டாரத்திலேயே தயாராகிறது. சத்தியவேடு பக்கம் ஹீரோ கம்பெனி முழு வண்டியே செய்கிறது. வரதய்யபாளையம் பக்கம் அப்போலோ டயர். கரகம்பாடியில் அமரான் பேட்டரி. 2022 ஏப்ரலில் ஜில்லாவைப் பிரித்தபோது இந்த மூன்றையும் திருப்பதிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சித்தூர்க்காரர்களுக்கு மாங்கூழ் ஆலைகளும், சீசனில் அவற்றின் வாசலில் தோதாபுரி ஏற்றிக்கொண்டு நகராமல் நிற்கும் டிராக்டர் வரிசையும் மிச்சம். அதுவாவது போகட்டும். வண்டி, டயர், பேட்டரி எல்லாம் கொடுத்த தெய்வம் அதை முறுக்கி ஓட்ட ஒரு ரேஸ் டிராக் கொடுக்கவில்லை.

ரேஸ் பார்க்க வேண்டுமென்றால் ராணிப்பேட்டை, வாலாஜா தாண்டி இருங்காட்டுக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். 1990இல் திறந்த டிராக். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கும் முன்னால் சோழவரம். இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிட்டு ரேஸ் நடத்தினார்கள். என் தாய்மாமா எழுபதுகளில் சித்தூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். யார் ஜெயித்தார்கள், என்ன வண்டி என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. ஆனால் வாசனை மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்து ரேஸ் இன்ஜின்களுக்கு விளக்கெண்ணெயிலிருந்து எடுத்த ஆயில்தான் ஊற்றுவார்கள். "நூறு மைல் வேகத்துல வண்டி போகுது, பின்னாடியே எங்கம்மா வெள்ளிக்கிழமை வயித்துக்குக் குடுக்குற வாசனை வருது" என்பார் மாமா. ரேஸ் மேல் அவருக்கு இருந்த காதல் அளவோடு நின்றதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. நான் வளர்ந்தது ஆர்எக்ஸ் 100 காலத்தில். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி, 98 சிசி, 11 குதிரை சக்தி. கட்டமஞ்சி ஏரிக்கரையில் ஒருவன் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கிரீம்ஸ்பேட்டையில் இருக்கும் பெண்களைப் பெற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அந்த வண்டியின் பெயரை வைத்து 2018இல் தெலுங்கில் ஒரு சினிமாவே வந்தது. எங்கள் தெருவில் ஆர்எக்ஸ் வைத்திருந்த அண்ணன்கள் எல்லாரும் இப்போது சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஆக்டிவாவில் காய்கறி வாங்கப் போகிறார்கள். ஆனால் சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்னால் ஒரு கண்ணைச் சுருக்குவார்கள் பாருங்கள், அது மட்டும் போகவில்லை.

உண்மையைச் சொன்னால், எங்கள் ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் பால்காரர்கள்தான். விடியற்காலையில் இரண்டு பக்கமும் கேன், ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி, டேங்க் மேல் ஒரு கேன். அந்தக் கோலத்தில் காந்தி ரோட்டு முனையில் ஒரு எருமை குறுக்கே வர, பால்காரர் பிரேக்கைத் தொடாமல் இடுப்பை மட்டும் ஒரு வெட்டு வெட்டி எருமையின் வாலுக்குப் பின்னால் புகுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. எருமைக்கே விஷயம் தெரியாது. இதை ஸ்பெயினில் செய்தால் கோப்பை கொடுப்பார்கள், இங்கே "ஏன் லேட்டு?" என்று கேட்கிறார்கள்.

ஸ்பெயின் என்றதும் அந்த நாட்டு மோட்டார் சைக்கிள் ரேஸ்காரர் மார்க் மார்க்கெஸ் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையே அவரைப் பற்றியதுதான். இன்னும் சரியாகச் சொன்னால் அவரையும் என் அம்மாவையும் பற்றியது.

அவர் ஓட்டும் மோட்டோஜிபி ரேஸ் ஐரோப்பாவில் நடந்தால் பெரும்பாலும் நமக்கு ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஆரம்பிக்கும். அம்மா விளக்கேற்ற எழுந்திருக்கும் நேரம். ஆரம்பத்தில் அவள் கேட்டாள்:

"இவங்கெல்லாம் யாரைடா துரத்துறாங்க?"

"யாரையும் துரத்தலம்மா. டிராக்கைச் சுத்துறாங்க."

"சுத்தி எங்க போறாங்க?"

"புறப்பட்ட இடத்துக்கே."

"பிரதட்சிணத்துக்கு எதுக்குடா இவ்ளோ அவசரம்?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் அவளே மார்க்கெஸின் 93ஆம் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். முழங்கை தரையில் உரச வண்டியைச் சாய்த்து, விழப்போன வண்டியை முட்டியால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தும் பையனை எந்த அம்மாவால் பார்க்காமல் இருக்க முடியும்? "விழுந்துடுவான், விழுந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு ரேஸையும் விடமாட்டாள்.

2020 ஜூலையில், ஹெரெஸ் டிராக்கில் அவன் விழுந்தே விட்டான். வலது கை மேல்எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து சில நாளிலேயே மறுபடி வண்டியில் ஏறிப் பார்த்தான். எலும்பில் வைத்த பிளேட்டும் போயிற்று. கோவிட் காலம், நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள். அம்மாவுக்கு வேறு வேலை இல்லாததால் முழுக் கவலையும் அந்தக் கையின் மேல் இறங்கியது. காணிப்பாக்கம் வரசித்தி விநாயகருக்கு அர்ச்சனை செய்யலாம் என்றாள். நட்சத்திரம் கேட்டாள். 1993 பிப்ரவரி 17, ஊர் செர்வேரா என்றேன். "பொறந்த நேரம்?" என்றாள். கோத்திரத்துக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். அப்போது அவன் ஓட்டிய வண்டியை வைத்து ஹோண்டா என்று சொல்ல முடியாதே. "தெரியாட்டி சிவகோத்திரம்னு சொல்லிக்கலாம், அதெல்லாம் வழி இருக்கு" என்றாள்.

கை தேறவில்லை. 2022இல் அமெரிக்காவில் நாலாவது ஆபரேஷன் என்று செய்தி வந்த அன்று அம்மா மேல்கோர்ட்டுக்குப் போய்விட்டாள். அவன் திரும்ப சாம்பியன் ஆனால் திருமலையில் முடிகாணிக்கை.

"யாரு முடிம்மா?"

"உன்னுதுதான். நான் சுமங்கலியாப் போய் மொட்டை போட்டுக்க முடியுமா?"

நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தக் கையோடு யார் சாம்பியன் ஆவது? 2023 செப்டம்பரில் மோட்டோஜிபி இந்தியாவுக்கே வந்தது, கிரேட்டர் நொய்டா புத் டிராக்குக்கு. வெயிலுக்கு பயந்து 24 சுற்றை 21 ஆக்கினார்கள். ஜெயித்தவன் இத்தாலிக்காரன் மார்கோ பெஸ்ஸெக்கி. இரண்டாவதாக வந்த ஹோர்ஹே மார்ட்டின் வண்டியைவிட்டு இறங்கியதும் நீர்ச்சத்து இல்லாமல் சுருண்டுவிட்டான். "செப்டம்பர் வெயிலுக்கேவா? நம்மூருக்கு மே மாசம் வரச் சொல்லு" என்றாள் அம்மா. மார்க்கெஸ் நடுவில் விழுந்து, எழுந்து, ஒன்பதாவதாக வந்தான். என் தலைமுடி பத்திரம். அடுத்த வருஷம் இந்திய ரேஸ் ரத்தாகி, பதிலுக்குக் கஜகஸ்தான் என்றார்கள். அதுவும் நடக்காமல் இத்தாலிக்கே போயிற்று. நம்மைவிட ஏற்பாட்டில் பின்தங்கிய தேசம் ஒன்று உண்டு என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பிறகு அவன் டுகாட்டிக்கு மாறினான். 2025 செப்டம்பர் 28, ஜப்பானில் மொடெகி. நமக்குக் காலை பத்தரை மணி. இரண்டாவதாக வந்தாலே பட்டம் நிச்சயம், வந்தான். ஒன்பதாவது உலகப் பட்டம், ஆறு வருஷம் கழித்து. அவன் ஹெல்மெட்டுக்குள் அழுதான், நான் சோபாவில் அழுதேன். அம்மா அழவில்லை. என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரம்மோற்சவக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, அக்டோபர் 4ஆம் தேதி புறப்பட்டோம். அது புரட்டாசிச் சனிக்கிழமை. கூட்டம் வடியாது என்பதை யாரும் சொல்லவில்லை. ஸ்ப்ளெண்டரில் நானும் அக்கா மகனும். அவன் இன்ஜினியரிங் படிக்கிறான். முட்டிக்கவசம், மார்புக்கவசம், முதுகில் பிளாஸ்டிக் தண்டுவடம் எல்லாம் மாட்டிக்கொண்டு எட்டு குதிரை சக்தி வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தான். சந்திரகிரி டீக்கடையில் ஒரு பெரியவர் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மிலிட்டரியா பாபு?" என்றார்.

திருமலைப் பாதையைப் பற்றி ரேஸ் உலகத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். ஏறுவதற்கு 1974இல் போட்ட இரண்டாவது பாதை. இறங்குவதற்கு விஸ்வேஸ்வரய்யா திட்டமிட்டு 1944இல் திறந்த பழைய பாதை. கொண்டை ஊசி வளைவுகள் முப்பதுக்கு மேல். அடிவாரத்து அலிபிரியில் பையைத் திறந்து காட்டி, நேரம் குறித்துக்கொண்டு ஏற வேண்டும். ஏற 28 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது, இறங்க 40 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. முந்தி வந்து சேர்ந்தால் அபராதம். மார்க்கெஸ் இங்கே ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பணம் கட்டியே டுகாட்டி கம்பெனி ஓட்டாண்டி ஆகிவிடும்.

ஏறும்போது எங்கள் ஸ்ப்ளெண்டருக்கு அந்தச் சட்டத்தை மீறும் உத்தேசமே இல்லை. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போயிற்று. அக்கா மகன் காதில் "மாமா, அபெக்ஸ் அபெக்ஸ்" என்று கத்திக்கொண்டு வந்தான். நான் வளைவின் உள்பக்கத்தைக் குறிவைத்துச் சாய்த்தபோது ஒரு தேவஸ்தான பஸ் அங்கே ஏற்கெனவே இருந்தது.

முடியெடுக்கும் கல்யாணகட்டாவில் சீட்டும் அரை பிளேடும் கொடுத்தார்கள். நாவிதர் தலையில் தண்ணீர் தடவிக்கொண்டே என்ன வேண்டுதல் என்று கேட்டார். ஒரு பையனுக்குக் கை ஒடிந்து சரியானது என்றேன்.

"உங்க பையனா?"

"இல்லீங்க. ஸ்பெயின் பையன்."

கை ஒரு கணம் நின்றது. பிறகு "கோவிந்தா" என்று சொல்லி என் தலையை இன்னும் நன்றாகக் குனிய வைத்தார்.

மொட்டைத் தலைக்கு ஹெல்மெட் நிற்காது என்பதை எந்தக் கம்பெனியும் அட்டையில் அச்சடிப்பதில்லை. சந்தனம் வேறு பூசியிருந்தேன். பழைய பாதையில் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் ஹெல்மெட் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்து கண்ணை மூடும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பின்னால் போய் வானம் தெரியும். அதனால் இரண்டும் செய்யாமல் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கினேன். அப்படியும் அலிபிரிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா மகன் கடிகாரத்தைப் பார்த்து, "மாமா, ஓரங்கட்டு, நேரம் ஆகல" என்றான். நாங்கள் மட்டுமில்லை. அங்கே ஓரமாகப் பத்துப் பதினைந்து வண்டி நிற்கிறது. குவாலிஸில் ஒரு குடும்பம் லட்டைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லார் பார்வையும் போனில், மணி மேல். ஒருவர் கிளம்பினால் மற்றவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியாகப் போகிறவன் கெட்டிக்காரன் என்று நடக்கும் அந்தப் போட்டியில் நாங்கள் நல்ல இடம் பிடித்தோம்.

மறுநாள் ஞாயிறு, இந்தோனேசியாவில் மண்டலிகா ரேஸ். பட்டம்தான் கையில் வந்துவிட்டதே, நிம்மதியாகப் பார்க்கலாம் என்று சந்தனத் தலையோடு உட்கார்ந்தேன். முதல் சுற்றிலேயே பின்னாலிருந்து ஒருவன் வந்து மார்க்கெஸை இடித்தான். இரண்டு பேரும் சரளைக்கல்லில் உருண்டார்கள். மார்க்கெஸ் எழுந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டான். அதே பக்கம்.

"யாருடா அந்தப் பாவி?"

"பெஸ்ஸெக்கிம்மா. நொய்டாவுல ஜெயிச்சானே, அவன்தான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. கண்ணைத் திறந்ததும் என் தலையைப் பார்த்தாள். அங்கே எடுக்க ஒன்றுமில்லை. பார்வை மெதுவாக நகர்ந்து, கொரியா நடிகன் மாதிரி நெற்றியில் முடியை வழியவிட்டுக்கொண்டு தரையில் சாய்ந்திருந்த அக்கா மகன் மேல் போய் நின்றது.

அவன் எழுந்து போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.