இரண்டாம் இயங்குதள உபாசகர்

பிறர் வீட்டு யந்திரங்கள் ஒழுங்காக ஓடுவதைக் காணப் பொறுக்காத ஒரு வகை மனிதர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். என் தகப்பனார் நாளில் அவர்கள் ரேடியோப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே எரியும் வால்வுகளை உற்றுநோக்கி, "இன்னும் தெளிவா எடுக்கும்" என்று வாக்களித்து, அதுவரை எடுத்துக்கொண்டிருந்த சிலோன் நிலையத்தையும் எடுக்காமற் செய்து, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். ரேடியோப் பெட்டி போயிற்று, வால்வு போயிற்று, அவர்கள் மட்டும் போகவில்லை. சிங்கப்பூரில், கேலாங் வட்டாரத்தில், அவ்வம்சத்தின் சிரேஷ்டமான கிளையொன்று இப்போது தழைத்து வருகிறது. உங்கள் கணிப்பொறியில் ஓர் இயங்குதளம் ஏற்கெனவே இருந்து, அது சொன்னபடி கேட்டு, நீங்களும் நிம்மதியாக இருக்கிறீர்கள் என்ற செய்தி அக்கிளையைச் சேர்ந்தவருடைய செவிக்கு எட்டினாற் போதும். அதன் பக்கத்தில் இரண்டாவதாக ஒன்றைப் பிரதிஷ்டை செய்யாமல் அவர் ஓயமாட்டார்.

இன்னார் என்று பெயர் சுட்ட வேண்டிய அவசியமில்லை. தேடினால் லோரோங் எனப்படும் சந்துக்கு ஒருவராவது அகப்படுவார். ஆயினும் ஓர் உருவம் மனத்திற் பதிய வேண்டுமென்பதற்காக, வயது நாற்பத்தைந்து, ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், உத்தியோகம் துவாஸ் தொழிற்சாலையொன்றில் பராமரிப்பு மேற்பார்வை என்று வைத்துக்கொள்ளலாம். தீவின் மேற்குக் கோடியிலிருந்து பச்சைத் தடத்து ரயிலில் தூங்கி வழிந்துகொண்டு வருகிற இவர், அல்ஜூனிட் நிலையத்தில் இறங்கும்போது புதுப் பிறவி எடுத்தவர்போல் இறங்குவார். கேலாங் சாலையின் ஒரு பக்கத்து லோரோங்குகளுக்கு ஒற்றைப்படை எண்ணும் மறுபக்கத்தனவற்றுக்கு இரட்டைப்படை எண்ணும் இட்டிருக்கிறார்கள். இவர் வாசம் இரட்டைப்படைப் பக்கத்தில். இதைக் கேட்டதும் சிங்கப்பூரை அறிந்தவர்கள் சற்றே புன்னகை செய்வார்கள். அப்புன்னகைக்குக் காரணமான விஷயங்களுக்கும் இவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வாடகை குறைவு, அவ்வளவே. பழைய கடைவீட்டின் மாடியில் உள்ள அந்த அறைதானும் முழு அறையன்று. ஒட்டுப்பலகையால் அதை இரண்டாகத் தடுத்து, அப்பாலைப் பாதியில் இரவு முழுவதும் திறந்திருக்கும் தவளைக் கஞ்சிக் கடையின் சமையற்காரர் ஒருவரும், இப்பாலைப் பாதியில் இவருமாகக் குடியிருக்கிறார்கள். இருக்கிற இடத்தைத் தடுத்து இருவரை வைப்பது என்ற தத்துவம் இவருக்கு எங்கிருந்து சித்தித்தது என்று ஆராய விரும்புகிறவர்கள் அந்தப் பலகையிலிருந்து தொடங்கலாம்.

இவர் தோளிலே தொங்கும் பை பிரசித்தமானது. அதிலே சாவிக்கொத்துப்போல் வளையத்திற் கோத்த தம்ப்டிரைவ்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என்று ஏதாவதொரு லினக்ஸ் இயங்குதளத்தின் நாமம் ஒட்டியிருக்கும். சிறு திருப்புளிகள் இருக்கும். சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறியிறங்கிப் பேரம் பேசி வாங்கிய வட்டு ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிய அட்டையுறைக்குள், சில குறுந்தகடுகள் இருக்கும். 2004-ஆம் ஆண்டு உபுண்டு பிறந்த புதிதில், கேட்டவர் வீட்டுக்கெல்லாம் அதன் தகட்டை, தபால் செலவுகூட வாங்காமல், உலகெங்கும் அனுப்பிவைத்தார்கள். 2011 வரை நடந்த அந்தத் தர்மத்தில் இவருக்குக் கிடைத்த பிரசாதம் அவை. அவற்றைப் போட்டுப் பார்க்க இன்றைய கணிப்பொறிகளில் துவாரமே கிடையாது. அதனால் என்ன? அவ்வுறையைத் தொட்டுக்கொண்டுதான் இவர் எந்த வேலையையும் ஆரம்பிக்கிறார்.

இவருக்குப் பக்ஷிகள் அகப்படும் இடம் இரண்டு. ஒன்று காப்பிக்கடை, மற்றொன்று கோயில். ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவபெருமான், பெருவிரைவு ரயில் வேலைக்காக இடம்பெயர்ந்து, 1993 முதல் கேலாங் ஈஸ்ட்டில் எழுந்தருளியிருக்கிறார். அந்தச் சந்நிதியில் பிரதோஷத்தன்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை இவர் சந்தித்த கதை, இந்த வர்க்கத்தாரின் செயல்முறை முழுவதையும் விளக்கப் போதுமானது.

"தம்பி, விண்டோஸ் பத்து இனிமே இல்லையாமே? என் கம்ப்யூட்டர் பதினொண்ணுக்கு ஆகாதுன்னு மெசேஜ் வருது" என்றார் ஆசிரியர், விபூதி வாங்கிய கையோடு.

விஷயம் மெய்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பை நிறுத்திக்கொண்டது. பதினொன்றாவதோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத யந்திரங்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ யந்திரங்கள் அன்றோடு அநாதைகளாயின. உலகம் அதை ஒரு நஷ்டமென்று கருதியது. நம்மவர் அதைத் தீபாவளியாகக் கொண்டாடினார்.

"தூக்கிப் போட்டுராதீங்க சார். பக்கத்துல இன்னொண்ணு போட்டுத் தர்றேன்."

"பழசு?"

"பழசு அப்படியே இருக்கும் சார். ஒரு ஃபைல்கூடப் போகாது."

"ஒரு ஃபைல்கூடப் போகாது" என்பது இவ்வர்க்கத்தாரின் மூலமந்திரம். அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் தோன்றும் உறுதியை நான் எந்த வைத்தியரிடமும் எந்த ஜோசியரிடமும் கண்டதில்லை.

சனிக்கிழமை இரவு பிரதிஷ்டை. முகூர்த்தம் எப்போதும் இரவுதான்; பகலில் செய்தால் நடுவில் யாராவது ஏதாவது கேட்பார்கள். விண்டோஸ் முதலில், மற்றது பிறகு என்பது இவருடைய சாஸ்திரத்தில் மீறக்கூடாத விதி. ஏனென்றால் விண்டோஸைப் பின்னால் நிறுவினால், அது வட்டிலே தனக்கு முன்பு இருந்தவரை விசாரிப்பதில்லை, துவக்க வாசலைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டுவிடும். லினக்ஸோ வந்ததும் வீட்டில் வேறு யார் இருக்கிறார்களென்று தேடி, அவர்களுக்கும் ஒரு வரி எழுதி வாசலில் ஒட்டிவைக்கும். இந்த வித்தியாசத்தை விளக்கும்போது நம்மவர் கண்கள் பனிக்கும். முற்காலத்தில் அந்த வாசல் வட்டின் தலைமாட்டில் 512 பைட்டுக்குள் அடங்கியிருந்ததையும், ஒரு வட்டை நான்கு பிரதானப் பாகங்களுக்கு மேல் பிரிக்க முடியாதிருந்ததையும், நான்கிலும் ஒன்றை மட்டும் நீட்டித்து அதற்குள் குட்டிப் பாகங்கள் வைத்த உபாயத்தையும் சொல்லிக்கொண்டே போவார். ஆசிரியரின் துணைவியார் தேநீரை மறுபடி சுடவைக்க எழுந்துபோவார்.

பிறகு ஸ்தலபுராணம். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாக வாங்கிய 386 கணிப்பொறியில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவி, அதன் துணைகொண்டு தம் சொந்தப் படைப்பான லினக்ஸைச் சிறுகச் சிறுகச் செய்து வந்தார் அல்லவா? ஒருநாள் மோடத்துக்குப் போகவேண்டிய கட்டளையைக் கைத்தவறாக வட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பாகம் பாழாயிற்று. மீண்டும் மினிக்ஸை நிறுவுவதா, அல்லது தம் படைப்பையே தன்காலில் நிற்கும்படி செய்துவிடுவதா என்று யோசித்து, அவர் பின்னதைத் தேர்ந்தார். இக்கதையை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இதிலிருந்து சாதாரண ஜனங்கள் கற்கும் பாடம், நகல் எடுத்து வைக்கவேண்டும் என்பது. நம்மவர் கற்ற பாடம் வேறு: முதல் இயங்குதளம் போனால்தான் குருவுக்கே ஞானம் பிறந்தது.

"போகாதுன்னு சொன்னீங்களே தம்பி?" என்று ஆசிரியர் கேட்டார்.

"சும்மா கதைக்குச் சொன்னேன் சார்."

நியாயமாகச் சொன்னால், அன்று எதுவும் போகவில்லை. இரவு இரண்டு மணிக்குத் திரையில் இரண்டு வரிகள் தோன்றின. மேலே உபுண்டு, கீழே விண்டோஸ். பத்து வினாடிக்குள் எது வேண்டுமென்று சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் மேலே இருப்பது தானே துவங்கிவிடும். வாழ்நாள் முழுவதும் கணிப்பொறியை முடுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய், அடுப்பிலிருப்பதைக் கிளறிவிட்டு வந்து உட்காரும் வழக்கமுடைய அந்த அம்மாளுக்குப் பத்து வினாடி எந்த மூலைக்கு? திரும்பி வரும்போதெல்லாம் அறியாத தேசத்தில் நின்றார். பேத்தியின் படங்கள் எங்கே, வங்கிக் கணக்கு எங்கே என்று தேடித் திகைத்து, மின்விசையையே அணைத்து, மறுபடி முடுக்கி, இம்முறை அடுப்படிக்குப் போகாமல் காவல் காத்து நின்று, அம்புக்குறியை அழுத்தும்போது பதினோராவது வினாடி ஆகியிருக்கும்.

இதைவிடப் பெரிய விவகாரம் கடிகாரத்தால் வந்தது. கணிப்பொறியின் உள்ளே சிறு மின்கலத்தில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அதில் காணும் நேரம் இவ்வூர் நேரமென்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, கிரீனிச் நேரமென்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் தத்தம் கொள்கைப்படி அதைத் திருத்தவும் திருத்துகின்றன. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இது குளிர்காலம் முழுவதும் தெரியவே தெரியாது. கிரீனிச்சுக்கு எட்டு மணி நேரம் முந்தியிருக்கிற சிங்கப்பூரில் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். காலை ஆறு மணிக்குப் பஞ்சாங்கம் பார்க்க விண்டோஸைத் திறந்த ஆசிரியருக்கு, முதல்நாள் இரவு பத்து மணியும், முதல்நாளைக்குரிய ராகுகாலமும் தெரிந்தன.

"நேரம் தப்பில்லை சார். ரெண்டும் ரெண்டு விதமாப் பார்க்குது."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 1981-ஆம் ஆண்டின் கடைசி இரவில், பதினொன்றரை மணிக்கே நள்ளிரவு என்று கடிகாரங்களைத் தள்ளிவைத்து, மலேசியாவோடு ஒத்துப்போவதற்காகச் சிங்கப்பூர் 1982-ஐ அரை மணி முன்கூட்டியே தொடங்கிய சரித்திரம் அவருக்கு நேரடி அனுபவம்.

"அப்ப அரசாங்கம் அரை மணி நேரம் எடுத்துச்சு தம்பி. அதுக்கே பேப்பர்ல முன்கூட்டி அறிவிப்புப் போட்டாங்க. நீங்க எட்டு மணி நேரத்தை எடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லலியே!"

சிம்ஸ் அவென்யூ பக்கத்தில் இருக்கும் இன்னோர் அன்பருடைய மடிக்கணினியில் நடந்தது இத்தனை சுலபத்தில் சிரிக்கக்கூடியதன்று. துவக்க அமைப்பில் நம்மவர் கைவைத்ததும், ஏதோ அந்நியன் நுழைந்துவிட்டான் என்று எண்ணிய விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு விழுந்து, நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. தம் வட்டு பூட்டப்பட்டிருந்த செய்தியே அந்த அன்பருக்கு அப்போதுதான் தெரியும். சாவி எந்த மின்னஞ்சற் கணக்கோடு சேர்ந்திருக்கிறது, அந்தக் கணக்கின் கடவுச்சொல் என்ன, அதை மாற்றக் குறுஞ்செய்தி போகும் தொலைபேசி எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரணை நீண்டு, விடியும்போது சாவி கிடைத்தது. அந்த இரவின் தேநீர்ச் செலவையும், டுரியான் காலமாகையால் மேற்கொண்டு வாங்கிவைத்த பழத்தின் விலையையும் அன்பரே ஏற்றார். நம்மவர் பணம் வாங்கவே மாட்டார். அந்த விஷயத்தில் மகா உத்தமர்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றையும் மறைக்கக்கூடாது. ஆசிரியர் வீட்டில் அந்த இரண்டாம் இயங்குதளத்தின் மொழியை நம்மவர் தமிழாக மாற்றிவைத்தார். பட்டியல் முழுவதும் தமிழிலே விரிந்தபோது ஆசிரியர் வெகுநேரம் பேசவில்லை. கணியன் மென்பொருளை ஆக்கிய சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1997-இல் இவ்வூரில் கூட்டிய தமிழ் இணைய மாநாட்டை நினைவுகூர்ந்து, ஒரு கணிப்பொறியில் தட்டியது இன்னொன்றில் புரியாத அந்நாளில், எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அறிஞர்கள் வாதிட்டதைச் சொல்லி, "இதைப் பார்க்க அவர் இல்லையே" என்றார். கோவிந்தசாமி 1999-இல் காலமானார். அடுத்த ஆண்டே மறுபடி சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் உத்தமம் என்ற உலகத் தமிழ்க் கணிமை அமைப்பு பிறந்தது. ஆசிரியர் அப்படிச் சொன்ன இரவு நம்மவர் வேறு எதையும் மாற்றாமல், பையை மூடிக்கொண்டு நேரே வீடு போனார். இது அவர் சரித்திரத்தில் அபூர்வமான நிகழ்ச்சி.

இனி அவருடைய சொந்தக் கணிப்பொறியைப் பற்றி. 256 ஜிபி வட்டை ஐந்து பாகமாக்கி ஐந்து இயங்குதளங்களைக் குடியேற்றியிருக்கிறார். கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்றால், இங்கே உபுண்டுவுக்கு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தவறாமல் நடக்கும். அதன் புதுப்பதிப்புகள் அம்மாதங்களில் வருவது வழக்கம். ஐவரும் அமர்ந்தபின் அவ்வட்டில் ஒரு திரைப்படம் வைக்க இடமில்லை. இடமிருந்தாலும் வைக்கமாட்டார், அவருக்கு ஓர் இயங்குதளத்தின்மேல் உள்ள பிரேமை, அது நிறுவப்பட்டு, மறுதுவக்கமாகி, வரவேற்புத் திரை தோன்றும்வரை இருக்கும், தோன்றியதும் தீர்ந்துபோகும். ஊருக்குப் பணம் அனுப்புவதும் சம்பளச் சீட்டைப் பார்ப்பதும் கைத்தொலைபேசியில். ஒப்பந்தக் காகிதம் அச்சிட வேண்டுமானால் அல்ஜூனிட் பக்கத்துக் கடைக்குப் போகிறார்.

இவரோடு வாதாடிப் பயனில்லை. கைவசம் பலமான சாட்சியம் வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அரசாங்கமே விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்து, இரண்டு இயங்குதளங்களாக நிறுவித்தானே கொடுத்தது என்பார். வாஸ்தவம். அம்மடிக்கணினி ஒன்று என் தமக்கை வீட்டுக்கும் வந்தது. அவள் மகன் கல்லூரி முடிக்கும்வரை இரண்டாவதைத் திறந்ததில்லை என்று நான் சொன்னால், "அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தரலை" என்று ஆத்மார்த்தமாக வருந்துவார்.

ஆகவே, கேலாங்கிலோ பாய லேபாரிலோ குடியிருக்கும் வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இது. பை தொங்கும் தோளோடு ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து, வட்டில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று சம்பாஷணைபோல் விசாரித்தால், அவரைத் தடுக்க முயலாதீர்கள். நல்லவர், தடுத்தால் நொந்துபோவார். உட்காரவைத்துத் தேநீர் கொடுங்கள். அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள், அந்த 48 இலக்கங்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, பேத்தியின் படங்களையும் முக்கியமான கோப்புகளையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த வட்டை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் அதிலும் ஒன்றை நிறுவிவிடுவார்.